மாத்திரை வேலை செய்கிறதா, எப்போது நிறுத்தலாம்? மனச்சோர்வு: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்கள்

மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் சாப்பிடத் தொடங்கிப் பத்து நாளாகிறது. மனம் துளியும் தெளியவில்லை. குமட்டலும் தலைவலியும்தான் மிச்சம். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பத்து நாளில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இந்த மாத்திரைகளில் பக்கவிளைவுதான் முந்திக்கொண்டு வரும். பலன் பின்னால்தான் வரும். குமட்டலும் தலைவலியும் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டுப் பாருங்கள். மனநிலை மாறத் தொடங்க 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம்.

முதல் மாற்றம் உங்களைவிட வீட்டில் இருப்பவர்கள் கண்ணில்தான் முதலில் படும். யாரும் சொல்லாமல் எழுந்து குளித்திருப்பீர்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர் முழு வாக்கியமாகப் பேசுவீர்கள். “எனக்கு ஒன்றும் மாறவில்லை” என்பதையும் அந்த முழு வாக்கியத்தில்தான் சொல்வீர்கள்! நான்கு வாரமாகியும் அசைவே இல்லையென்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது மருந்தை மாற்றுவார். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். முதல் மருந்திலேயே முழுக் குணம் கண்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் என்று அமெரிக்காவில் நடந்த ‘ஸ்டார்-டி’ என்ற பெரிய ஆய்வு காட்டியது.

பதற்றத்துக்காகப் போனால் மனச்சோர்வு மாத்திரை எழுதித் தருகிறார்கள். அதைப் போட்ட முதல் வாரம் படபடப்பு இன்னும் கூடிவிட்டது.

இரண்டுக்கும் முதல் வரிசை மருந்து ஒன்றுதான். ‘மனச்சோர்வு மாத்திரை’ என்பது பழைய பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம். பதற்றம் உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் படபடப்பு கூடுவதுண்டு. அதனால்தான் பாதி அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறோம். உங்களுக்கு முழு அளவில் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளுங்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற பதற்றத் தணிப்பு மாத்திரைகள் படபடப்பை உடனே அடக்கும். ஆனால் பழக்கமாகிவிடும் ஆபத்து அவற்றில்தான் இருக்கிறது. சில வாரங்களுக்கு மேல் அவற்றை நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

என் மகளுக்கு 19 வயது. மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளில், இளம் வயதினருக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்று போட்டிருக்கிறது. கொடுக்கவே பயமாக இருக்கிறது.

தாளில் இருப்பது உண்மைதான் அம்மா. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-இல் சிறாருக்காகவும் பதின்பருவத்தினருக்காகவும் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட வைத்தது. 2007-இல் 24 வயது வரை நீட்டித்தது. ஆனால் சிகிச்சை பெறாத மனச்சோர்வே உயிருக்கு ஆபத்தானது என்பதையும் மறக்கக்கூடாது. எனவே மருந்தைத் தவிர்ப்பதைவிட, தொடங்கிய முதல் சில வாரங்களும் அளவு மாற்றும் நாட்களும் அவளைக் கூர்ந்து கவனிப்பதே வழி. ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, புதிதாக வந்த எரிச்சல், தூக்கமின்மை, சாவைப் பற்றிய பேச்சு என எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். “சாகலாம் என்று தோன்றுகிறதா?” என்று மகளிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இன்னொன்று: தூங்காமலே உற்சாகமாக இருப்பது, நிறுத்தாமல் பேசுவது, கண்மண் தெரியாமல் செலவு செய்வது என்று மாறினால் அதைக் குணமாகிவிட்டதாக எண்ணாதீர்கள். மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

நான்கு மாதத்தில் நன்றாகிவிட்டேன். நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைசுற்றல். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்கிறது. அடிமையாகிவிட்டேனா?

இல்லை. அடிமைத்தனம் என்றால் மருந்துக்காக ஏங்குவது, அளவைக் கூட்டிக்கொண்டே போவது. உங்களுக்கு அது இல்லை. மருந்துக்குப் பழகிய உடல், அதைத் திடீரென்று பறித்ததும் தடுமாறுகிறது. பராக்சடின், வென்லாஃபாக்சின் இரண்டிலும் இது அதிகம். ஃப்ளுவாக்சடின் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் அதில் குறைவு.

இதை நோய் திரும்பியதாக எடுத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் அநேகர். நிறுத்திய சில நாட்களிலேயே, முன்பு இல்லாத தலைசுற்றலும் மின்னதிர்வும் வந்தால் அது பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு. நோய் திரும்புவதானால் வாரக்கணக்கில், பழைய அறிகுறிகளோடு மெல்ல வரும். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மீண்டும் தொடங்கச் சொல்வார். அறிகுறிகள் விரைவில் தணியும்.

அடுத்து, நீங்கள் நிறுத்திய நேரமே தவறு. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் அதே அளவில் தொடர வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்கு 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடைசிச் சில மில்லிகிராம்களைத்தான் மிக மெதுவாகக் குறைக்க வேண்டும், தடுமாற்றம் அங்கேதான் அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் யோசனையைப் பலரும் சொல்வார்கள். உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் அது ஒருநாள் ஏற்றம், மறுநாள் இறக்கம் என்று அலைக்கழிக்கும், வேண்டாம்.

மூளையின் வேதிப்பொருளான செரட்டோனின் குறைந்ததால் வந்த நோய்க்கு மாத்திரை போதாதா? பேச்சு சிகிச்சை எதற்கு?

செரட்டோனின் குறைந்துவிட்டது என்பது எங்களைப் போன்ற மருத்துவர்கள் எளிமைக்காகச் சொல்லிச் சொல்லிப் பரப்பிய கதை. மாத்திரை செரட்டோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டத் தொடங்குகிறது. மனம் தெளிய வாரங்கள் ஆகின்றன. கணக்கு அவ்வளவு நேரானதில்லை. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே முதலில் போதும். கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல பலன். படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் எண்ணங்களை ஆராயச் சொல்லிப் பயனில்லை. எழ வைக்கும் வேலையை மருந்து செய்யும். திருமணமோ வேலையோ நெரிக்கிறதென்றால் அதை மாத்திரை மாற்றித் தராது.

தாம்பத்திய ஆசை குறைந்துவிட்டது. மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேளுங்கள். மிகப் பரவலான பக்கவிளைவு இது. அளவைக் குறைக்கலாம், பியூப்ரோபியான், மிர்டசபின் போன்றவற்றுக்கு மாறலாம். வாய் திறக்காமல் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வருபவர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

உடல்வலிக்கு மாத்திரை போடலாமா?

பாராசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை. மனச்சோர்வு மாத்திரையோடு ஐபுப்ரோஃபெனோ ஆஸ்பிரினோ சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிராமடால் வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் கேட்கும்போது, மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.