பில் போய்ச் சேர்ந்தது, பணம் எங்கே? அரசுக் கொள்முதலில் மின் விலைப்பட்டியல்: கேள்வி-பதில்

பல வருடமாக பிடிஎஃப் பில்லைத்தான் மெயிலில் அனுப்புகிறோம். இப்போது திடீரென்று "இ-இன்வாய்ஸ் அனுப்புங்கள்" என்கிறார்கள். இதுவரை அனுப்பியது என்னவாம்?

பில்லின் படம். உங்கள் பக்கம் காகிதம் ஒழிந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருவர் அதை பிரின்ட் எடுத்துக் கோப்பில் சேர்க்கிறார். இன்னொருவர் பில் எண், தேதி, தொகை, வரி என்று ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றுகிறார். 8 என்பது 3 ஆவது அங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/55 உத்தரவு இதில் கறாராக இருக்கிறது. பில் உருவாவது, அனுப்பப்படுவது, பெறப்படுவது மூன்றும் ஒழுங்குபடுத்திய மின் தரவாகவே நடக்க வேண்டும். கணினி அதைத் தானே படித்து வேலையைத் தொடர முடிய வேண்டும். அப்போதுதான் அது மின் விலைப்பட்டியல். நடைமுறையில் அது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் பெயரொட்டு வைத்துக் கணினிக்காக எழுதிய கோப்பு. அதைத் திறந்து பார்த்தால் மனிதக் கண்ணுக்கு அழகாக இருக்காது, பயப்பட வேண்டாம். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மனியின் ஸுக்ஃபெர்ட், பிரான்ஸின் ஃபாக்டூர்-எக்ஸ் வழி இருக்கிறது: நாம் படிக்க வெளியே பிடிஎஃப், கணினி படிக்க அதற்குள்ளேயே எக்ஸ்எம்எல்.

போர்டலில் "பெறப்பட்டது" என்று காட்டி இரண்டு மாதம் ஆகிறது. பணம் வரவில்லை. கேட்டால் "சிஸ்டத்தில் இருக்கிறது" என்கிறார்கள். மின் பில் வந்தால் பணம் சீக்கிரம் வரும் என்றார்களே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி இதே புலம்பல்தான். "பெறப்பட்டது" என்றால் தபால்காரர் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டார் என்று பொருள். பில் பாஸ் ஆனது என்று பொருள் இல்லை. பாஸ் ஆக மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான பதிவு, உங்கள் பில். மூன்றில் ஒன்று இடித்தாலும் நின்றுவிடும்.

எங்கே இடிக்கும்? ஆணையில் "100 பெட்டி" என்றிருக்கும். உங்கள் மென்பொருள் "1200 எண்ணம்" என்று எழுதும். தொகை பைசா பிசகாமல் ஒன்றுதான். காகிதக் காலத்து குமாஸ்தா சிரித்துக்கொண்டே டிக் அடித்திருப்பார். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அதே போல ஆணை எண்ணில் சாய்கோடு போட வேண்டிய இடத்தில் சிறுகோடு போட்டால், அது வேறு எண்.

அதனால்தான் சில நாடுகள் அடையாளக் குறியீட்டை விட்டுக்கொடுப்பதே இல்லை. ஜெர்மனியில் மத்திய அரசுக்குப் போகும் பில்லில் எந்த அலுவலகத்துக்கு என்று சொல்லும் லைட்வெக் எண் இருக்க வேண்டும். இத்தாலியில் அந்த ஒப்பந்தத்துக்குரிய குறியீடு கட்டாயமான இடத்தில் அது பில்லில் இல்லையென்றால், அரசு அலுவலகம் பணமே தரக்கூடாது என்பது சட்டம். அதே இத்தாலி 2020-ல் இன்னொன்றும் செய்தது: எந்தக் காரணங்களுக்காக மட்டும் பில்லைத் திருப்பலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது. "சரியில்லை" என்று ஒற்றை வார்த்தையில் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு அதுதான் மருந்து. எல்லா நாட்டிலும் வந்தால் நன்றாயிருக்கும்.

ஆனால் நான் பார்த்த வரையில் பெரும்பாலான தாமதம் அந்த மூன்றில் இரண்டாவதில்தான், சரக்கு வந்ததற்கான பதிவில். ஒரு சப்ளையருக்காக ஓர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து தேடினேன். சரக்கு வந்து ஐந்து வாரம். டெலிவரி சலானில் ஸ்டோர்க்காரரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. சிஸ்டத்தில் மட்டும் பதிவு இல்லை. பதிய வேண்டியவர் லீவு. பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. பில் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்து, ஐந்து வாரம் அந்தப் பதிவுக்காகக் காத்துக் கிடந்தது.

ஆகவே சரக்கை இறக்கும்போதே சலான் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். சிஸ்டத்தில் பதிந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பிறகு பில் அனுப்புங்கள். "பெறப்பட்டது" என்ற அந்த வரியையும் தேதி, நேரத்தோடு சேமித்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசு அலுவலகம் பொதுவாக 30 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி. சரக்கு முன்பே வந்துவிட்டிருந்தால் அந்த 30 நாள் பெரும்பாலும் பில் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. "உங்கள் பில் வரவே இல்லையே" என்ற பழைய பல்லவியை அந்த ஒரு வரி அடைத்துவிடும்.

வருடத்துக்கு ஐந்தாறு பில்தான் போடுகிறேன். இதற்காக மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அரசு போர்டலில் நேரடியாகப் படிவம் நிரப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரான்ஸின் கோரஸ் புரோவில் இருப்பது போல. மாதம் ஐம்பது பில்லைத் தாண்டும்போது மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். அந்த ஐம்பது என் கணக்கு, விதி அல்ல.

எங்கள் துறையில் அடுத்த ஆண்டு மின் பில்லுக்கு மாறப் போகிறோம். முதல் நாளிலிருந்தே எல்லா சப்ளையருக்கும் கட்டாயம் ஆக்கலாமா? (கணக்குப் பிரிவு அதிகாரி)

முதலில் உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ளுங்கள். ஐரோப்பிய உத்தரவு சொன்னதே அதுதான்: 2019 ஏப்ரல் 18 முதல் அரசு அலுவலகங்கள் ஐரோப்பியத் தரநிலைப்படி வரும் மின் பில்லைப் பெற்றாக வேண்டும். உள்ளாட்சி போன்ற கீழ்நிலை அமைப்புகளுக்கு இன்னும் ஓராண்டு வரை அவகாசம் தர இடமிருந்தது. சப்ளையர் அனுப்பியே ஆக வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

கட்டாயம் வேண்டுமென்றால் டென்மார்க்கைப் பாருங்கள். 2005 பிப்ரவரி 1-லேயே கட்டாயமாக்கியது. ஆனால் காகிதத்தை விட முடியாத சிறு வியாபாரிகளுக்காக, பில்லை ஸ்கேன் செய்து மின் வடிவமாக்கி அனுப்பும் மையங்களையும் ஏற்பாடு செய்தது. இத்தாலி இரண்டு படியாக ஏறியது: 2014 ஜூனில் அமைச்சகங்கள், 2015 மார்ச் இறுதியில் மற்ற எல்லோரும்.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் வழி. 2020-ல் மத்திய அரசு, 10 இலட்சம் டாலர் வரையிலான ஒப்பந்தங்களில், இரு தரப்பும் பெப்போல் (மின் பில் பரிமாறும் சர்வதேச வலையமைப்பு) வழியே மின் பில் பரிமாறினால் 5 நாளில் பணம், இல்லையென்றால் 20 நாள் என்றது. சுற்றறிக்கையைவிட இது வேகமாக வேலை செய்யும்.

தொடங்குமுன் ஒரு வேலை: எல்லா ஆணைக்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் சொல்லிச் சரக்கை வரவழைத்துவிட்டு, பில் வந்தபின் ஆணை தயாரிக்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால், எந்த மென்பொருளும் உதவாது.

தொகையைத் தவறாகப் போட்டு அனுப்பிவிட்டேன். திருத்தி அதே எண்ணில் மறுபடி அனுப்பலாமா?

கூடாது. இரட்டை பில் என்று தடுத்துவிடும். ஏற்றுக்கொள்ளப்பட்ட பில்லை அழிக்க முடியாது. அதன் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் கழிக்கும் குறிப்பு) அனுப்பி, புது எண்ணில் புது பில் போடுங்கள். மின் கோப்பில் சாதாரண பில்லுக்கு 380, கிரெடிட் நோட்டுக்கு 381 என்று வகைக் குறியீடே தனி. மைனஸ் தொகை போட்டு 380-ஆக அனுப்பி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சப்ளையர் பெயரில் மெயில் வந்தது. மின் பில் வந்த பிறகும் இந்த மோசடி நடக்குமா?

நடக்கும். பில் எந்த வழியில் வந்தாலும், பணம் போவது உங்கள் பதிவேட்டில் இருக்கும் கணக்குக்கு. அதை மெயிலை நம்பி மாற்றாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள். மெயிலில் கொடுத்த எண்ணுக்கு அல்ல.

ஆடிட்டுக்காக மின் பில்லை பிரின்ட் எடுத்துக் கோப்பில் வைக்கிறோம். போதுமா?

போதாது. அசல் என்பது அந்த எக்ஸ்எம்எல் கோப்புதான், பிரின்ட் வெறும் நகல். வந்தது வந்தபடியே, மாற்றாமல், உங்கள் விதி சொல்லும் காலம் வரை வையுங்கள். பிரின்ட் எடுப்பதை நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை.