சின்ன ஃபைபர் படகில் குடிதண்ணீரை எப்படி வைத்துக்கொள்வது?

பழவேற்காட்டில் ஃபைபர் படகு வாங்கியிருக்கிறீர்கள், நான்கு பேர் விடியலுக்கு முன் போய் மதியத்துக்குள் திரும்புவீர்கள், தண்ணீருக்குத் தொட்டி கட்டி பேட்டரி பம்ப் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம். மூன்று 10 லிட்டர் கேனும் ஒன்றரை மீட்டர் குழாயும் போதும்.

நான் காசிமேட்டுக்காரன். நைனாவோடு பல வருஷம் தொழிலுக்குப் போயிருக்கிறேன். ஆரம்பத்தில் எங்கள் படகில் அடியில் குழாய் வைத்த ஒரு 50 லிட்டர் நீல டிரம்தான் இருந்தது. ஒரு சித்திரை மாதம், இருட்டில் வலை விடும்போது கயிறு அந்தக் குழாயின் பிடியில் மாட்டித் திருப்பிவிட்டிருக்கிறது. படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெயில் ஏறியபின் சொம்பை நீட்டினால் டிரம்மில் சொட்டு இல்லை. அன்றைக்கென்று எஞ்சினும் நின்றுபோனது. மிச்சம் இருந்தது ஒரு லிட்டர் பாட்டில். நைனா அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றி ஆளுக்கு ஒரு மூடியாகக் கொடுத்தார். மூன்று மணி வாக்கில்தான் வேறொரு படகு வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போனது.

அதனால் நான் முதலில் சொல்வது, தண்ணீரை ஒரே பாத்திரத்தில் வைக்காதீர்கள். ஒரு கேன் ஓட்டையானாலும், ஒன்றில் உப்புத் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை இருக்கும். எடை விஷயமும் உண்டு. ஒரு லிட்டர் ஒரு கிலோ. பாதி காலியான 50 லிட்டர் டிரம்மில் தண்ணீர் சாயும் பக்கமெல்லாம் ஓடி, படகின் ஆட்டத்தைக் கூட்டும். 10 லிட்டர் கேன்களை நடுவில், அடியோடு ஒட்டிக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு ஆளே தூக்கவும் முடியும்.

அளவு? நம்ம ஊர் வெயிலுக்கு, வலை இழுக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். நான்கு பேருக்கு 16. அதைப்போல் இன்னொரு பங்கு, திரும்ப முடியாமல் போனால் என்று. அந்தக் கணக்கில்தான் மூன்று கேன் சொன்னேன். ஆளுக்கொரு பாட்டில் கையில் எப்படியும் இருக்கும்.

கேன் வாங்கும்போது அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது தடித்த பிளாஸ்டிக், கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. மளிகைக் கடையில் கிடைக்கும் காலி எண்ணெய் கேனும் சரிதான், சோப்பும் வெந்நீரும் போட்டு மூன்று நான்கு தடவை குலுக்கிக் கழுவ வேண்டும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசிட், ரசாயனம் வந்த கேனை மட்டும் தொடாதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வைத்த கேனும் அப்படித்தான். பிளாஸ்டிக் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் போகாது.

தண்ணீர் வீணாவது பெரும்பாலும் எடுக்கும்போதுதான். ஆடுகிற படகில் கேனைச் சாய்த்து ஊற்றினால் பாதி வெளியே போகும். சொம்பை உள்ளே விட்டால் மீன் கை உள்ளே போகும். நாங்கள் கண்ட வழி குழாய்தான். உணவுக்கென்று விற்கும் மெல்லிய டியூபின் ஒரு முனையைக் கேனுக்குள் அடிவரை விடுங்கள். தண்ணீர் எடுக்கும்போது மட்டும் அந்தக் கேனைத் தூக்கிக் குறுக்குப் பலகை மேல் வையுங்கள். மறுமுனையை ஒருமுறை உறிஞ்சிவிட்டுத் தாழ்த்திப் பிடித்தால் தானாக வரும். நிறுத்த, குளுக்கோஸ் ஏற்றும் டியூபில் இருக்குமே, பெருவிரலால் உருட்டுகிற சின்னச் சக்கரம், அதுபோல ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் குழாய் முனையைத் தூக்கிக் கேனின் கைப்பிடியில் செருகிவிட வேண்டும். முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் சக்கரம் தளர்ந்தாலும் ஒழுகாது. எங்கள் டிரம்முக்கு அடியில் ஓட்டை இருந்ததுதான் வினை. இதில் அடியில் ஓட்டையே கிடையாது.

கேன் மூடியை இறுக்கிவிட்டு ஏன் வரவில்லை என்று பார்க்காதீர்கள். உள்ளே காற்றுப் போனால்தான் வெளியே தண்ணீர் வரும். மூடியில் டியூபுக்கு ஒரு துளை, காற்றுக்கு ஊசி போகிற அளவு இன்னொரு துளை போடுங்கள். வேலை இல்லாதபோது சின்னத் துளையை ஒரு திருகாணியால் அடைத்துவிடலாம்.

20 லிட்டர் கேன் மேல் வைத்து அமுக்குகிற கை பம்பும் நல்லதுதான், குளத்துறை போல ஆட்டமில்லாத ஏரித் தண்ணீரில் போகிறவர்களுக்கு. சார்ஜ் போடுகிற பம்பை உப்புக் காற்றில் நான் நம்பமாட்டேன்.

முகத்தில் உப்புப் பூத்துக் கண் எரியும்போது ஒரு குவளை வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் மூடியில் சூடான ஆணியால் துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் நூல்போலப் பீய்ச்சும், நாலு அமுக்கில் முகம் கழுவி முடித்துவிடலாம். மீனையும் கையையும் கடல் தண்ணீரிலேயே கழுவலாம், ஆனால் கரைவிட்டு நன்றாகத் தள்ளிப் போனபிறகு. 2023 டிசம்பர் புயல் மழையின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுப்பாகிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

வெயில் பட்டால் வெளிர் நிறக் கேனுக்குள் பாசி பிடிக்கும். மேலே ஈரச் சாக்கு சுற்றுங்கள், காற்று வீசினால் தண்ணீரும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். சாக்கை நனைக்கக் கடல் தண்ணீர் போதும். மெட்ரோ தண்ணீரைப் பிடித்தாலும் காய்ச்சி ஆறவைத்துப் பிடித்தாலும், கரைக்கு வந்ததும் மிச்சத்தைக் கொட்டிக் கேனைக் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

மூன்றாவது கேனை மட்டும் அன்றாடம் திறக்காதீர்கள். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், தனியாக, நாலு முழக் கயிறு விட்டுக் கட்டி வையுங்கள். இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பினால் அது கடலில் விழுந்தாலும் மிதக்கும். கடல் நீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,025 கிராம், நல்ல தண்ணீர் 1,000 கிராம்தான். அந்தக் கேனின் தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எங்கள் படகில் அது ஞாயிற்றுக்கிழமை வேலை, வலை சரிபார்க்க உட்காரும்முன் முதலில் அதைத்தான் செய்வோம்.