கோபத்துக்கு எந்த ராகம்?

வணக்கம் ஐயா,

அரசு நடுநிலைப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 38 பிள்ளைகள். இடைவேளை முடிந்து வந்தால் அடிதடி, அழுகை, பெஞ்சைத் தட்டுவது. தினமும் காலையில் கால்மணி நேரம் ஸ்பீக்கரில் வீணை, புல்லாங்குழல் போடலாம் என்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகளின் கோபம் குறைய எந்த ராகம் நல்லது? அமைதியாக இருக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கலாமா? சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் பையன் ஒருவனும் இருக்கிறான். அவனை என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஆசிரியை)

அன்புள்ள டீச்சர்,

பள்ளியில் இசை என்றதுமே எல்லோருக்கும் ஸ்பீக்கர் ஏன் ஞாபகம் வருகிறது என்று எரிச்சலோடு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே கொஞ்சம் திட்டு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். 38 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பிரம்பை எடுக்காமல் வேறு வழி தேடுகிறீர்களே, அதற்கு என் கும்பிடு.

எந்த ராகமும் வேண்டாம். இந்த ராகம் ரத்தக்கொதிப்புக்கு, அந்த ராகம் கோபத்துக்கு என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலை அழித்துவிடுங்கள். எட்டயபுரத்தில் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷினி ராகம் பாடி மழை பெய்தது நல்ல கதை. அதை வைத்துப் பாடவேளை போட முடியாது. வெளிநாட்டுக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. 1993இல் மோட்ஸார்ட்டின் ஒரு சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், மடித்து வெட்டிய காகிதம் பிரித்தால் எப்படியிருக்கும் என்பது போன்ற கேள்விகளில் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். கால்மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. இதைப் பிடித்துக்கொண்டு 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைநாடா கொடுக்க அரசுப் பணம் கேட்டார்!

பரிசும் வேண்டாம். இயல்பிலேயே அமைதியான நான்கு பிள்ளைகள்தான் தினமும் வாங்குவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கரில் குழலிசை ஓடும்போது பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறான். சும்மா இருப்பது வேறு, தன்னைப் பிடித்து நிறுத்தத் தெரிவது வேறு. நிறுத்தி வைத்த சைக்கிளில் பிரேக் பிடித்துப் பழக முடியுமா? வேகம் வேண்டும், அந்த வேகத்தின் நடுவில் நிற்க வேண்டும். ஆகவே குத்துப்பாட்டுத் தாளம் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வேகமான தாளம்தான் உங்களுக்குத் தேவை.

மேசையைத் தட்டுங்கள், விநாடிக்கு இரண்டு தட்டு. பிள்ளைகள் அதற்கு நடக்க வேண்டும். தட்டு நின்றால் சிலை. நிறுத்தம் இரண்டு விநாடியிலிருந்து ஆறு விநாடிவரை மாறி மாறி வரட்டும். ஒவ்வொரு எட்டாவது தட்டிலும் நிறுத்தினீர்கள் என்றால் மூன்றாவது தடவையே மனப்பாடம் செய்துவிடுவார்கள், அப்புறம் அடக்குவதற்கு ஒன்றுமில்லை. அசைந்தவனை "அவுட்" என்று உட்கார வைக்கவே வைக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. யாருக்கு இந்தப் பயிற்சி அதிகம் தேவையோ அவன்தான் முதலில் அவுட் ஆவான், மிச்ச நேரமெல்லாம் மூலையில் உட்கார்ந்து கோபத்தை வளர்ப்பான். அசைந்தால் அசைந்துவிட்டுப் போகட்டும், அடுத்த நிறுத்தம் வரும். இது பழகியதும் விதியைத் தலைகீழாக்குங்கள்: வேகமாகத் தட்டினால் மெதுவாக நட, மெதுவாகத் தட்டினால் வேகமாக நட.

அதற்கு அடுத்தது ஆதி தாளம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணுவது, தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று மொத்தம் எட்டு எண்ணிக்கை. வீச்சு என்றால் உள்ளங்கையை மேலே திருப்புவது. எண்ணிக்கைக்கு ஒரு எழுத்தாக "தகதிமி தகஜனு" என்று ஒரு சுற்று வாய்விட்டுச் சொல்லட்டும், அடுத்த சுற்று மௌனம், மூன்றாவது சுற்றின் முதல் "த"வில் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும். அந்த மௌனம் நான்கு விநாடிதான். ஆனால் பாதி வகுப்பு முந்திக்கொண்டு கத்தும். அப்படி முந்துகிறதே, இடைவேளையில் கை ஓங்குவதும் அதே அவசரம்தான். திட்டாதீர்கள். மௌனச் சுற்றிலும் கை தாளம் போடட்டும். அது கைவந்த பிறகு கையையும் நிறுத்தி, மனதுக்குள் எண்ணச் சொல்லுங்கள்.

மெதுவான தாளம்தான் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வயதில் கை இயல்பாகவே வேகமாகத் தட்டும், நிமிடத்துக்கு அறுபதில் தொடங்கினால் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே காத்திருக்க முடியாமல் ஓடிவிடுவார்கள். இடைவேளை முடிந்து மூச்சிரைக்க வருகிறவர்களை அவர்கள் வேகத்திலேயே பிடியுங்கள்: ஒரு நிமிடம் உரக்க, வேகமாக; ஒரு நிமிடம் நடுத்தரமாக; ஒரு நிமிடம் தாழ்த்தி. கடைசியில் வாயை மூடி "ம்ம்" என்று ஆறேழு விநாடி, நான்கு தடவை. மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத்துடிப்பு இறங்கும். ராகத்துக்கு அதில் பங்கில்லை.

சேர்ந்து பழகக் கோலாட்டம் போதும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 4 வயதுக் குழந்தைகளை ஜோடியாகப் பாடி ஆடி விளையாட விட்டார்கள். வேறு ஜோடிகள் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடின. பிறகு ஒரு குழந்தையின் கோலிகள் சிதறியபோது, பாடி விளையாடிய ஜோடிகளில்தான் மற்றது அதிகமாக உதவிக்கு வந்தது. 2010இல் வெளியான ஆய்வு இது. உங்கள் வகுப்பில் 19 பேர் உள்வட்டம், 19 பேர் வெளிவட்டம். தன் குச்சிகளை ஒரு தட்டு, எதிராளியின் வலக்குச்சியில் வலக்குச்சியால் ஒரு தட்டு, மறுபடி தன்னது, பிறகு இடது. நான்கு சுற்றுக்கு ஒருமுறை உள்வட்டம் ஓரிடம் நகரட்டும். அவனோடு சேராதே என்று வீட்டில் சொல்லி அனுப்பிய பிள்ளையும் அவன் குச்சியைத் தட்டித்தான் ஆக வேண்டும். ஓங்கி அடித்தால் எதிராளி குச்சியைப் பின்னுக்கு இழுப்பான், தாளம் போய்விடும். பலத்தை அளந்து பிடிக்க இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. குச்சியின் அடிப்பகுதியைப் பிடிக்கச் சொல்லுங்கள், மேலே பிடித்தால் விரல் நசுங்கும். பாட்டின் வேகத்தைக் கெட்டிக்காரப் பிள்ளைகள் கையில் விடாதீர்கள்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். காதிலிருந்து கையை எடு என்று ஒருநாளும் சொல்லாதீர்கள் டீச்சர். அவன் தன்னைப் பார்த்துக்கொள்கிறான், உங்கள் வகுப்பில் இந்த வித்தையை ஏற்கெனவே கற்றவன் அவன் ஒருவன்தான். தட்டு, தாம்பாளம் போன்ற உலோகச் சத்தத்தை நிறுத்திவிட்டு மரம், தேங்காய்ச் சிரட்டை, தொடைத் தட்டு என்று மாற்றுங்கள். தொடங்குமுன் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். வாசலோரம் நிற்கட்டும். கை தூக்கினால் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்ற அதிகாரத்தை அவனிடமே கொடுங்கள். முதல் வாரம் அடிக்கடி தூக்குவான், பரவாயில்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும்போது அவனைப் பார்க்கச் சொல்லி, காதுப் பரிசோதனைக்கும் எழுதி வாங்கிவிடுங்கள்.