அளவுக்கோடு: இம்மாதக் கேள்வி-பதில்

கேள்வி: எஸ்.ஈ.எம். (வருடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி) படத்தின் அடியிலிருந்த தகவல் பட்டையை அழகுக்காக வெட்டிவிட்டேன். இப்போது அளவுக்கோடு (படத்தில் இவ்வளவு நீளம் உண்மையில் எவ்வளவு என்று காட்டும் கோடு) எப்படிப் போடுவது? (ஆய்வு மாணவி, வெள்ளவத்தை)

பதில்: அழகு பார்த்தது போதும், மூலக் கோப்பைத் தேடுங்கள். பெரும்பாலான கருவிகள் ஒரு பிக்சல் எத்தனை நானோமீற்றர் என்பதை டிஃப் படக்கோப்பின் உள்ளேயோ, அதே பெயரில் பக்கத்திலிருக்கும் எழுத்துக் கோப்பிலோ பதிந்துவைக்கின்றன. அந்த எண்ணைப் படங்களை அளக்கும் மென்பொருளான இமேஜ்ஜேயில் கொடுத்துக் கோடு போடுங்கள். வெட்டினால் பிக்சலின் அளவு மாறாது, சுருக்கினால் மாறும்.

கேள்வி: இமேஜ்ஜேயில் வெவ்வேறு உருப்பெருக்கத்தில் எடுத்த ஐந்து படங்களுக்கும் ஒரே அளவே விழுகிறது. மென்பொருளில் கோளாறா? (தெஹிவளை)

பதில்: மென்பொருளில் இல்லை. அளவு கொடுக்கும் பெட்டியில் 'குளோபல்' (எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு) என்ற கட்டத்தில் சரி போட்டிருக்கிறீர்கள். அதை எடுங்கள்.

கேள்வி: படத்தின் கீழே '5000 மடங்கு' என்று எழுதினால் போதாதா? மேற்பார்வையாளர் வீணாக அளவுக்கோடு கேட்கிறார். (கொட்டாஞ்சேனை)

பதில்: மேற்பார்வையாளர் சொல்வதே சரி. இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது, எனக்கும் ஓயாமல் எரிச்சல் வருகிறது. 5000 மடங்கு என்றால் எந்தத் தாளில், எந்தத் திரையில்? பழைய நாளில் 4 க்கு 5 அங்குலப் போலராய்ட் படத்தை வைத்தே இந்த எண்ணைச் சொன்னார்கள். அகலம் 127 மில்லிமீற்றர். அதை 5000 ஆல் வகுத்தால் காட்சியின் அகலம் சுமார் 25 மைக்ரோமீற்றர். சில கருவிகள் இன்றும் அந்தக் கணக்கில்தான் நிற்கின்றன, வேறு சில திரையின் அகலத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. ஆகவே ஒரே காட்சிக்கு இரண்டு கருவிகள் இரண்டு எண் காட்டும். உங்கள் ஆய்வேட்டில் அந்தப் படம் 8 சென்டிமீற்றர் அகலம் என்றால் உண்மையான உருப்பெருக்கம் ஏறத்தாழ 3000. கருத்தரங்கில் இரண்டு மீற்றர் திரையில் போட்டால் 80,000. கீழே எழுதிய எண்ணோ அசையாமல் 5000 என்றே சாதிக்கும். படத்தோடு சேர்த்துப் பொறித்த கோடு படம் பெருத்தால் பெருக்கும், சிறுத்தால் சிறுக்கும்.

'சேர்த்துப் பொறித்த' என்பதைக் கவனியுங்கள். பவர்பொயின்ட்டில் படத்தின் மேல் தனிக் கோடு வரைந்துவிட்டு, பிறகு படத்தின் மூலையை மட்டும் பிடித்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள். படம் இரட்டிப்பாகும், கோடு இருந்தபடியே இருக்கும். பரீட்சகர் துகளை அளந்து பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: கோடு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? (மருதானை)

பதில்: 1, 2, 5 என்று தொடங்கும் எண்ணாக, படத்தின் அகலத்தில் ஐந்திலொரு பங்கு. 3.7 மைக்ரோமீற்றர்க் கோட்டை எவரும் கேட்கவில்லை.

கேள்வி: மாதிரியை 60 பாகை சாய்த்துப் படம் எடுத்தேன். அதே கோடு செல்லுமா? (பம்பலப்பிட்டி)

பதில்: சாய்வு அச்சின் திசையில் செல்லும். அதற்குக் குறுக்கே மேற்பரப்புப் பாதியாகச் சுருங்கித் தெரியும், அங்கே அளக்காதீர்கள். சாய்வுத் திருத்தம் (சுருங்கிய திசையை நீட்டிக் காட்டுவது) போட்டிருந்தால் படக்குறிப்பில் எழுதுங்கள். அதுவும் தட்டையான பரப்புக்குத்தான் பொருந்தும்.

கேள்வி: ரி.ஈ.எம். (மாதிரியை ஊடுருவும் இலத்திரன்களால் படமெடுக்கும் நுணுக்குக்காட்டி) தானாகப் போடும் கோட்டை அப்படியே நம்பலாமா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: அளவு சரிபார்க்காத கருவி என்றால் 5 முதல் 10 வீதம் வரை பிசகலாம். மில்லிமீற்றருக்கு 2160 கோடுகள் கொண்ட கிராற்றிங் (சம இடைவெளியில் கோடுகள் பொறித்த தகடு) பிரதியைப் படமெடுத்துப் பாருங்கள், கோட்டுக்குக் கோடு 463 நானோமீற்றர் வர வேண்டும். மிக உயர்ந்த உருப்பெருக்கத்துக்கு கிராபைட் அடுக்குகளின் இடைவெளி, 0.34 நானோமீற்றர், கைகொடுக்கும். கிராபைட்டுக்குப் பெயர்போன நாட்டில் மாதிரி கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். கமராவில் 2 க்கு 2 பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) வைத்திருந்தால் பிக்சலின் அளவு இரட்டிப்பாகும், அதையும் பாருங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறேன். துகளின் விட்டம் என்ன? (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: கோடும் இல்லை, கருவியின் பெயரும் இல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, உள்ளிருந்த தகவலையும் களைந்துதான் என்னிடம் சேர்த்திருக்கிறது. மூலக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.