ஜனவரியில் மடியும் மாடுகள்

கேள்வி: ஜிம்பாப்வேயில் செகுட்டு பக்கம் எங்கள் பண்ணை. தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் வெள்ளைக்காரக் குடும்பம். 2000க்குப் பிறகு அரசின் நிலச் சீர்திருத்தத்தில் நிலத்தின் பெரும்பகுதி புதிதாகக் குடியேறியவர்களுக்குப் போய்விட்டது. வீடு, கொஞ்சம் மேய்ச்சல், 60 மாடுகள், உண்ணியைக் கொல்லும் மருந்துக் குளியல் தொட்டி மட்டும் மிச்சம். வாராவாரம் குளிப்பாட்டியும் இந்த மழையில் 7 மாடு செத்துவிட்டது. காதடியில் வீக்கம், கண்ணில் நீர், மூக்கில் நுரை. ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போட்டும் கேட்கவில்லை.

பதில்: உங்கள் பக்கம் 'ஜனவரி நோய்' என்பார்களே, உண்ணி பரப்பும் அந்தத் தைலேரியா நோய் போலத்தான் தெரிகிறது. மழைக்காலத்தில் பழுப்புக் காது உண்ணி பெருகும்போது வருவது. கால்நடை அலுவலரிடம் சொல்லிச் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் கேட்காது, புபார்வாகோன்தான் வேண்டும். 20 கிலோ எடைக்கு 1 மில்லி, கழுத்துச் சதையில். 300 கிலோ மாட்டுக்கு 15 மில்லி ஆகும், இரண்டு இடமாகப் பிரித்துப் போடுங்கள். விலை கடிக்கும். நுரை தள்ளிய மாட்டுக்குப் போட்டால் பெரும்பாலும் காசுதான் போகும். அதனால் தினமும் காலையில் காதடியைத் தடவிப் பாருங்கள். நெறி கட்டிக் காய்ச்சல் ஏறும்போதே ஊசி விழ வேண்டும்.

வாரம் ஒரு குளியல் மழைக்காலத்துக்குப் போதாது. ஒட்டிய உண்ணி நோயைக் கொடுக்க மூன்று நான்கு நாளாகும். அதனால்தான் 5, 5, 4 நாள் இடைவெளியில், இரண்டு வாரத்துக்கு மூன்று முறை என்று கணக்கு. காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணிக் களிம்பு தடவுங்கள். குளியல் தொட்டிக்குள் மழைநீர் இறங்கினால் மருந்து நீர்த்துவிடும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

அப்புறம் ஒன்று. பக்கத்தில் குடியேறியவர்களின் மாடுகள் எங்கே குளிக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. தொட்டி உங்களிடம், மேய்ச்சல் கலந்துபோனது என்றால், உங்கள் 60 மாடுகளை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. 1970களின் விடுதலைப் போரில் கிராமத் தொட்டிகள் நின்றுபோய் ஏறத்தாழ 10 லட்சம் மாடுகள் செத்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நிலத்தைப் பற்றிய மனக்கசப்பு எனக்குப் புரிகிறது, அதைத் தீர்க்க நான் யார்? ஆனால் தொட்டியைத் திறந்துவிடுங்கள். மருந்துச் செலவை மாட்டுக்கு இவ்வளவு என்று பேசி, குளியல் நாளையும் அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். நோய் அடங்கும்வரை மாட்டை விற்கவோ வெளியே ஓட்டவோ வேண்டாம். ஊசி போட்ட மாட்டை உடனே கறிக்குத் தள்ளவும் கூடாது. பாலை எத்தனை நாள் ஒதுக்குவது என்பது மருந்துச் சீட்டிலேயே இருக்கும்.