முழுக் கட்டுரை வேண்டாம், யோசனையை அனுப்புங்கள்

வணக்கம். மலைப் பயணத்தைப் பற்றி 3000 சொல்லில் எழுதிப் பல பத்திரிகைகளுக்கு அனுப்பியும் பதில் இல்லை, கொஞ்ச நாள் இலவசமாக எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

முன்பின் தெரியாதவர் அனுப்பும் அவ்வளவு நீளத்தைப் படிக்க ஆசிரியர்களுக்கு நேரம் இருக்காது. என்ன கதை, ஏன் இப்போது, இதழின் எந்தப் பகுதிக்கு, எத்தனை சொல் என்று நாலைந்து வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘மலையில் மூன்று நாள்’ என்பது கதை இல்லை. பனியில் பாதை மூடினால் மேலே இருக்கும் ஊருக்குத் தபால் எப்படிப் போகிறது என்று கழுதைக்காரர் ஒருவர் காட்டியதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கதை! அதை 400 சொல்லில், இதழின் முன்பக்கங்களில் வரும் குறுங்கட்டுரைப் பகுதிக்குக் கேட்டுப் பாருங்கள். புதியவர்களுக்கு அங்கேதான் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

ஆசிரியர் சரி என்றால், பணம் தருவது கட்டுரையை ஏற்றதுமா, அச்சான பிறகா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அச்சான பிறகு என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். முதல் வெளியீட்டு உரிமை மட்டும் கொடுத்தால் பிறகு வேறு இடத்திலும் விற்கலாம். அப்புறம், விடுதி எதுவும் இலவசமாகத் தங்க வைத்திருந்தால் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில பத்திரிகைகள் அப்படிப்பட்ட பயணக் கட்டுரைகளை ஏற்பதே இல்லை.