சிங்கப்பூரில் இரவில் சிலந்திகளை மேக்ரோ படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்? தனியாகப் போவது ஆபத்தா? நல்ல படம் கிடைக்கச் சிலந்தியை வேறு இலைக்கு மாற்றலாமா?

லென்ஸுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'கேட்டதை விட்டுவிட்டுக் கதை அளக்கிறார்' என்று கீழே வந்து எழுதுவார்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு கேமராவும் அதோடு வந்த ஒன்றிரண்டு லென்ஸும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் 55-200 மாதிரி ஒரு ஜூம் இருந்தால், முன்னால் கவ்வி மாட்டுகிற ரேனாக்ஸ் 250 கண்ணாடி ஒன்று வாங்குங்கள். அது +8 டயாப்டர், வலுவான பூதக்கண்ணாடி மாதிரி. 200 மி.மீ.இல் வைத்து மாட்டினால் ஒன்றுக்கு ஒன்று (சிலந்தி எவ்வளவோ, சென்சாரிலும் அவ்வளவே விழுவது) என்ற அளவைத் தாண்டிவிடும், சிலந்திக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏறக்குறைய அரைச் சாண் இடமும் இருக்கும். தனி மேக்ரோ லென்ஸ்தான் வேண்டும் என்றால் 90 அல்லது 100 மி.மீ.இல் பழையது ஒன்றைப் பெனின்சுலா கேமராக் கடைகள் பக்கம் போய்த் தேடுங்கள். 60 மி.மீ. வேண்டாம், சிலந்தியின் மேலேயே போய் விழ வேண்டியிருக்கும். அவ்வளவுதான் லென்ஸ். மூவாயிரம் வெள்ளிக்குப் பட்டியல் போட்டிருக்கும் மற்ற பதிலாளர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் காசு.

நீங்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியது வெளிச்சத்துக்கு. ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 11 (எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சிறியது, வெளிச்சம் குறைவு) வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் துளையைச் சுருக்கித்தான் ஆக வேண்டும், சுருக்கினால் இருட்டு, இருட்டுக்கு ஃபிளாஷ். வெறும் ஃபிளாஷை அடித்தால் சிலந்தியின் கண்ணில் ஊசிமுனையாக ஒரு வெள்ளைப் புள்ளி விழும், முதுகு வெந்துபோய் வெளுத்திருக்கும், ரோமம் ஒன்றும் தெரியாது. ஃபிளாஷுக்கும் சிலந்திக்கும் நடுவில் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் பெரிய டிஃப்யூசர் வேண்டும். பெரியதாக மட்டும் இருந்தால் போதாது, சிலந்திக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்ட இருக்க வேண்டும். என்னுடையது உருளைக்கிழங்குச் சிப்ஸ் டின், உள்ளே அலுமினியத் தாள், முன்னால் பொட்டலம் கட்ட வரும் வெள்ளை நுரைத் தாள், அதன்மேல் எழுதுபொருள் கடையில் வாங்கிய பால்நிற ஃபைல் அட்டை. பார்க்க அசிங்கம். வளைய ஃபிளாஷை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். எட்டுக் கண்ணிலும் எட்டு வளையம் தெரியும். கடையில் மேக்ரோ என்று வாயைத் திறந்தால் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

மற்றபடி மேனுவலில் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200. ஃபோகஸ் வளையத்தைத் தொடாதீர்கள். அளவை ஒருமுறை வைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துக் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள்.

சிலந்தியைக் கண்டுபிடிக்கிற விஷயத்தை இங்கே யாரும் எழுதவில்லை. எல்லாருக்கும் கருவிதான். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், பார்வை போகிற திசையிலேயே பிடியுங்கள். ஓநாய்ச் சிலந்திகளுக்குக் கண்ணின் பின்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. புல்வெளியில் பல அடி தூரத்திலிருந்தே நீலப்பச்சையாக மினுங்கும். பனித்துளியும் மினுங்கும்தான், ஆனால் நீங்கள் நகர்ந்தால் அது அணைந்து அணைந்து எரியும், சிலந்தியின் கண் அப்படியே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். குதிக்கும் சிலந்திகளுக்கு அந்தப் படலம் கிடையாது. அவை பகல் ஆசாமிகள், இரவில் இலைக்கடியில் பட்டுப் பை கட்டித் தூங்குகின்றன. வட்ட வலைக்காரர்கள் பலர் பொழுது சாய்ந்த பிறகுதான் வலை பின்னத் தொடங்குவார்கள், விடிவதற்குள் அதைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். பகலில் நீங்கள் காய்ந்த குச்சி என்று நினைத்துத் தாண்டிப்போன முடிச்சே கூட அப்படி ஒரு சிலந்தியாக இருக்கலாம்.

அப்புறம் வலைவீசிச் சிலந்தி. அது வலையில் உட்காராது, ஒரு சின்ன வலையை முன்னங்கால்களில் விரித்துப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். கீழே பூச்சி நடந்தால் அதன்மேல் போர்த்திவிடும். பின்வரிசையின் நடுக்கண்கள் இரண்டும் முகத்தையே அடைத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் உள்ள இதன் உறவுக்கார இனம் ஒன்றின் கண்ணை 1977இல் அளந்து பார்த்தபோது எஃப் எண் 0.58 வந்திருக்கிறது. நாம் எஃப் 1.2 லென்ஸ் வைத்திருப்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தக் கண்ணின் ஒளி உணரும் சவ்வையும் ஒவ்வோர் இரவும் புதிதாக உண்டாக்கிக்கொண்டு விடியும்போது அழித்துவிடுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு லென்ஸ் விளம்பரம் எதுவும் ஏறுவதில்லை.

சரி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. 'நல்ல படம் கிடைக்கச் சிலந்தியை வேறு இலைக்கு மாற்றலாமா' என்றும் கேட்டிருக்கிறீர்களே, அது.

ஒரு வாரக்கடைசி, நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஒரு பூங்காவின் மரப்பலகைப் பாதையில் ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். எங்களில் ஒருவர் மூத்தவர், எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இரட்டை ஃபிளாஷ், இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், எல்லாம் வைத்திருப்பவர். என் சிப்ஸ் டின்னைப் பார்த்து, "தம்பி, பாக்கிச் சிப்ஸ் எங்கே?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் இடுப்பளவு உயரத்தில் ஓர் இலைக்கடியில் ஹண்ட்ஸ்மேன் ஒன்று தொங்கியது. வீட்டுச் சுவரில் தட்டையாக ஓடி நம்மை அலற வைக்குமே, அந்த வகை. தோல் உரிக்கத் தொடங்கியிருந்தது. தலையும் மார்பும் சேர்ந்த பகுதியின் மேலோடு தூக்குச்சட்டி மூடி திறப்பது போல விளிம்பில் பிளந்து மேலே வந்திருந்தது. கால்கள் எட்டும் இன்னும் பழைய தோலுக்குள்.

அண்ணனுக்குப் பின்னணி பிடிக்கவில்லை. இரவில் ஃபிளாஷ் வெளிச்சம் பின்னால் எட்டாது, எல்லாம் கறுப்பாகத்தான் விழும். "அந்த இலையைக் கொஞ்சம் திருப்பிப் பிடிங்க தம்பி, பின்னாடி பச்சை வரட்டும்" என்றார்.

"தோல் உரிச்சிக்கிட்டு இருக்குண்ணே. அசைச்சா நூல் அறுந்து விழுந்துடும்."

"சிலந்திதானே, புலியா?"

நான் பிடிக்கவில்லை. அவர் கையை நீட்டினார். நான் இலைக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டேன். இதை வீரம் என்று சொல்ல வரவில்லை, பலகைப் பாதை குறுகல், யார் நின்றாலும் வழி அடைபடும். குரல்கள் கொஞ்சம் உயர்ந்தன. கூட வந்த சீன அங்கிள் ஒருவர் தன் டார்ச்சை இலையிலிருந்து விலக்கித் தரையில் அடித்துவிட்டு, நிதானமாகச் சிறுவயதுக் கதை சொல்ல ஆரம்பித்தார். கம்பத்தில், அதாவது அந்தக்காலக் கிராமத்தில், சண்டைச் சிலந்தி பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலை வைத்து வளர்ப்பார்களாம். இரண்டு ஆண்களை மோதவிட்டுப் பந்தயம். "தோல் உரிக்கிற நேரத்தில் பெட்டியைத் தொட்டால் என் அண்ணன் அடிப்பான், நாளைய சாம்பியன் போய்விடுமே" என்றார். பந்தயம் கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

உரித்து முடியாத சிலந்தியால் ஓட முடியாது. கடிக்கவும் முடியாது, பல் உட்பட எல்லாமே மெத்தென்று இருக்கும். கீழே விழுந்து கால் வளைந்தபடியே இறுகிவிட்டால் அதற்கப்புறம் அது வேட்டையாடுவது சந்தேகம். எறும்பு கண்டுவிட்டால் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். "சிலந்திப் போலீஸ்" என்று எனக்குப் பேர் வைத்துவிட்டுப் பாதிப் பேரோடு முன்னால் போய்விட்டார்.

நானும் அங்கிளும் என் மச்சானும் நின்றோம். கால்கள் ஒவ்வொன்றாக இல்லை, எட்டும் சேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வந்தன. வெளிறிய பச்சை, உள்ளே ஒளி போகிற நிறம். ஒரு கால் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டை, எப்போதோ இழந்து இப்போது திரும்ப முளைத்தது. முழுவதும் வெளியே வந்ததும் வயிற்றின் நுனியிலிருந்து வரும் நூலில் தொங்கியபடி காலை நீட்டி மடக்கி நீட்டியது. அப்போதுதான் கவனித்தேன், பக்கத்தில் தொங்கும் பழைய தோலிலும் கண்கள் இருந்தன. கண்ணின் மேற்பரப்பையும் சேர்த்தே உரிக்கிறது. என் படத்தில் எட்டும் எட்டும் பதினாறு கண்ணாடித் துளிகள், ஒவ்வொன்றிலும் சிப்ஸ் டின்னின் சதுரமான வெளிச்சம். பின்னணி கறுப்புதான். கறுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: மாற்றக்கூடாது. குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போக வைத்துப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே தெரியும், கால் மடங்கும் விதமே வேறு. இயற்கைக் காப்பகத்துக்குள் உயிரினத்தைப் பிடிப்பதும் இடம் மாற்றுவதும் இங்கே சட்டப்படியே குற்றம். 'நீ அடிக்கிற ஃபிளாஷ் மட்டும் தொந்தரவு இல்லையா' என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். தொந்தரவாக இருக்கலாம். நான் பார்த்தவரை பல சிலந்திகள் ஃபிளாஷைச் சட்டை செய்வதில்லை, டார்ச்சைத் தொடர்ந்து முகத்தில் அடித்தால்தான் நகர்கின்றன. நகர ஆரம்பித்தால் நான் கேமராவை இறக்கிவிடுவேன். அதற்குமேல் சுத்தம் வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான், அதையும் மதிக்கிறேன்.

லென்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. லென்ஸோடு இது இலவசமாக வரும். சொந்தக்காரர்கள். உங்களிடம் நல்ல கேமரா இருப்பது தெரிந்த நாளிலிருந்து 21வது பிறந்தநாள், காதுகுத்து, வளைகாப்பு, புதுவீடு எதுவானாலும் "வரும்போது கேமராவை எடுத்துட்டு வாங்க, சும்மா நாலு படம்" என்பார்கள். நாலு நானூறாகும். சாப்பிடும் பந்தியில் உங்களுக்கு இடம் இருக்காது, நீங்கள் பந்தியை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்த வாரம், "இன்னும் எடிட் பண்ணலையா?" நான் வைத்திருப்பது மேக்ரோ லென்ஸ், அது பெரியம்மாவின் முகத்தில் எதையெல்லாம் காட்டும் என்று ஒருமுறை காட்டியும் பார்த்துவிட்டேன், அப்படியும் விடவில்லை. அதே ஆட்கள் குடும்பக் குழுவில் நான் சிலந்திப் படம் போட்டால் "ச்சீ, வேலை வெட்டி இல்லையா" என்று எழுதுவார்கள். இந்த ஊர்ச் சிலந்திகளுக்கு 1989இல் கையடக்க வழிகாட்டி எழுதிய ஜோசப் கோ, வெளிநாடுகளில் சிங்கப்பூரின் தூதராக இருந்தவர். வேலை வெட்டி இல்லாதவராம்.

ஆபத்து பற்றி. என்னை எந்தச் சிலந்தியும் கடித்ததில்லை, நான் எதையும் கையில் எடுத்ததும் இல்லை. எனக்குப் பயம் மற்றவற்றிடம்தான். வாக்லர் குழிவிரியன் என்ற நச்சுப்பாம்பு இலையோடு இலையாக முக உயரத்தில் அசையாமல் கிடக்கும், நீங்கள் பக்கத்து இலையில் கண்ணைப் பதித்திருப்பீர்கள். கைப்பிடியில் கெரெங்கா என்ற கடிக்கும் எறும்பு ஓடும். குட்டிகளோடு காட்டுப்பன்றி வந்தால் பின்வாங்கி வழிவிடுங்கள், ஃபிளாஷ் அடித்துப் பார்க்காதீர்கள். பிரம்பு முள் சட்டையைப் பிடித்தால் இழுக்காமல் பின்னால் போய்க் கழற்றுங்கள். டீட் கலந்த கொசு மருந்து பூசிய கையால் கேமராவைத் தொட வேண்டாம், அது பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

புக்கிட் தீமாவும் மத்திய நீர்ப்பிடிப்புக் காப்பகமும் காலை 7 முதல் மாலை 7 வரைதான். அதற்குமேல் உள்ளே இருக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். 'எல்லாரும் போறாங்க' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொடக்கத்துக்குப் பாசிர் ரிஸ் பூங்காவும் அங்குள்ள சதுப்புநிலப் பலகைப் பாதையும் போதும். அதற்கும் முன்னால் உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் செம்பருத்தி வேலியைப் பாருங்கள், இரவு ஒன்பது மணிக்கு மேல்.

தனியாகப் போக வேண்டாம். கூட வருபவர் படம் எடுக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது, நீங்கள் இலைக்குள் முகத்தை வைத்திருக்கும்போது சுற்றிலும் பார்க்க ஆள் வேண்டும். எனக்கு அந்த வேலையைச் செய்வது என் மச்சான். அவனுக்குச் சிலந்தி என்றால் உயிர் போகும், அதனால் டார்ச்சை ஒரு நிமிடம்கூட ஓயவிடமாட்டான். இரண்டு பாம்புகளை அவன்தான் முதலில் பார்த்தான்.